நாலு பேர், ஒரு கண்ணாடி, கதவில்லாத கடை

இந்த ஓவியத்தை நான் முதலில் பார்த்தது ஒரு காபிக்கடையின் சுவரில். சதுரமான ஃப்ரேமுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக யாரோ இடது பக்கத்தை நறுக்கிவிட்டிருந்தார்கள். அதனால் கடை மட்டும்தான் தெரிந்தது. நல்ல வெளிச்சம், தொப்பி போட்ட இரண்டு ஆண்கள், சிவப்பு உடுப்பில் ஒரு பெண், வெள்ளைக் கோட்டில் ஒரு சர்வர். ராத்திரி நேரத்தில் சூடாக ஒரு காபி குடிக்க வசதியான இடம் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து முழுப் படத்தையும் கணினித் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, நறுக்கப்பட்ட அந்தப் பகுதியில் ஒன்றுமே இல்லை. காலித் தெரு, எதிரே இருட்டில் ஒரு கடை, அதற்கு மேலே சில ஜன்னல்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றுமில்லாத பகுதி வந்து ஒட்டிக்கொண்டதும் கடைக்குள் இருந்த நாலு பேரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். முகம் மாறவில்லை, உட்கார்ந்த விதம் மாறவில்லை, காபிக் கோப்பைகூட அதேதான். அப்புறம் என்னதான் மாறியது?

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942 ஜனவரியில் முடித்த 'நைட்ஹாக்ஸ்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தைச் சொல்கிறேன். உயரம் 84 சென்டிமீட்டர், அகலம் 152 சென்டிமீட்டர். அகலம் கிட்டத்தட்ட உயரத்தைப் போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்துச் சினிமாத் திரைகூட இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. ஹாப்பர் சினிமாப் பைத்தியம், வரைய மனம் வராத நாட்களில் வாரக்கணக்கில் படம் பார்க்கப் போய்விடுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நைட்ஹாக் என்பது ஒரு பறவை. ராத்திரியில் தூங்காமல் சுற்றுகிற ஆட்களுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நாம் ராக்கோழி என்போமே, அந்த மாதிரி.

இந்தப் படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் 'நகரத் தனிமை' என்ற சொல் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடும். 2020 ஊரடங்கின்போது உலகம் முழுக்க ஹாப்பர் படங்களைப் பகிர்ந்து, இப்போது நாம் எல்லோரும் இதற்குள்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். சரி, தப்பில்லை. ஆனால் அந்தத் தனிமை படத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் பலரும் அந்த முகங்களைத்தான் காட்டுவார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. முகங்களில் பெரிதாக எதுவும் இல்லை. அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை, தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஆள்கூட இல்லை. ராத்திரி நேரம் காபி குடிக்கிற யாருக்கும் இருக்கிற முகம்தான். தனிமை இருப்பது நாம் நிற்கிற இடத்தில். ஹாப்பர் நம்மைத் தெருவில் நிறுத்திவிட்டு, கடைக்கு வெளிச்சம் போட்டுவிட்டு, கதவை எடுத்துவிட்டார்.

கதவை எடுத்துவிட்டார் என்று சும்மா சொல்லவில்லை. படத்தை நன்றாகப் பாருங்கள். அந்தக் கடைக்குத் தெருவிலிருந்து உள்ளே போக வழி இல்லை. வலது பக்கம் சர்வருக்குப் பின்னால் மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் ஒரு கதவு தெரிகிறது, ஆனால் அது சமையலறைக்குப் போகிறது. வாடிக்கையாளர் வந்து போகிற வாசல் எங்கேயும் வரையப்படவில்லை. படச் சட்டத்துக்கு வெளியே இருக்கலாம், நியாயமாக இருந்தாக வேண்டும், நாலு பேரும் எப்படியோ உள்ளே வந்திருக்கிறார்களே. ஆனால் நம் கண்ணுக்கு அது கிடைப்பதில்லை. பார்வை கடையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, வாசல் தேடுகிறது, கண்ணாடியில் மோதித் திரும்புகிறது. முதல் தடவை பார்க்கிறவர் இதைக் கவனித்துச் சொல்லமாட்டார், ஆனால் ஏதோ நெருடுகிறது என்பார். அந்த நெருடலுக்குத்தான் நாம் 'மூட்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கண்ணாடி இன்னும் தந்திரமானது. தெருமுனையில் கப்பலின் முன்பக்கம் மாதிரி கூராக நீட்டிக்கொண்டு, முனையில் மட்டும் வளைந்து திரும்புகிற பெரிய கண்ணாடி. இவ்வளவு பெரிய கண்ணாடியில் பிம்பம் விழவேண்டாமா, கறை வேண்டாமா, 'இன்றைய ஸ்பெஷல்' என்று ஒரு அட்டையாவது தொங்கவேண்டாமா? ஒன்றும் கிடையாது. கண்ணாடி இருப்பதே அதன் ஓரச் சட்டங்களை வைத்துத்தான் தெரிகிறது. கண்ணாடியை வரையாமலேயே கண்ணாடி இருக்கிறது என்று நம்பவைப்பது லேசான வேலை இல்லை. ஹாப்பர் இளமையில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் போட்டுப் பிழைத்தவர், அந்த வேலையை வெறுத்தவர். ஒரு காட்சியில் எதை வைத்தால் கண் எங்கே போகும் என்பது அந்தப் பிழைப்பில் கைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். இந்தப் படத்தின் கதாநாயகன் அதுதான்.

தெருவில் விளக்குக் கம்பம் இல்லை. நிலா இல்லை. வண்டிகளின் ஹெட்லைட் இல்லை. நியான் பலகைகளுக்குப் பேர்போன நியூயார்க்கில் ஒரு நியான் எழுத்துகூட இல்லை. கடையின் நெற்றியில் ஒரு சுருட்டு விளம்பரம் இருக்கிறது, ஃபில்லீஸ் என்ற பிராண்ட், விலை 5 சென்ட். அதற்கும் விளக்குப் போடவில்லை. (பலர் அதைக் கடையின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்குப் பெயர் கிடையாது.) ஆக, படத்தில் இருக்கிற வெளிச்சம் கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒரு கடையிலிருந்து வருகிறது. அது எந்த விளக்கிலிருந்து வருகிறது என்பதையும் ஹாப்பர் காட்டவில்லை. கண்ணாடியின் மேல் விளிம்பில் கூரையின் ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று தெரிகிறது, அங்கேதான் எங்கோ விளக்கு இருக்க வேண்டும்.

நாம் டியூப் லைட் என்று சொல்கிற ஃப்ளோரசென்ட் விளக்கு அமெரிக்காவில் 1938 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. 1942-இல் அது இன்னும் புதுசு. இன்றைக்கு டியூப் லைட் என்றால் நமக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும் ரயில்வே காத்திருப்பு அறையும் ஞாபகத்துக்கு வரும், அன்றைக்கு அது நவீனத்தின் அடையாளம். அந்த வெளிச்சத்தின் குணம் நமக்குத் தெரியும். சூடு கிடையாது, முகத்தில் இருக்கிற சிவப்பை உறிஞ்சிவிடும். இந்தப் படத்தில் சுவரின் வெளிர்மஞ்சளும், நடைபாதையில் கசிந்திருக்கும் வெளிறிய பச்சையும் அந்த வகையறா வெளிச்சத்தைத்தான் நினைவூட்டுகின்றன. பழைய எண்ணெய் விளக்கு ஓவியங்களில் வெளிச்சம் ஆட்களை ஒன்றாகக் கூட்டும், விளக்கைச் சுற்றி முகங்கள் குவியும். இங்கே வெளிச்சம் எல்லோர் மேலும் ஒரே அளவில் கொட்டுகிறது, யாரையும் யாரோடும் சேர்க்கவில்லை.

கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற பச்சைப் பட்டை, கவுண்டரின் செர்ரி மர நிறம், அந்தப் பெண்ணின் சிவப்பு ரவிக்கை. பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் நிறங்கள் என்பது எந்த ஜவுளிக்கடைக்காரருக்கும் தெரியும். படம் முழுக்கப் பச்சையும் இருட்டுமாக இருக்கிற இடத்தில் அவ்வளவு சின்ன சிவப்பு போதும், கண் அங்கேதான் போய் உட்காரும்.

அந்த வெளிச்சம் தெருவைத் தாண்டி எதிர்க் கடையின் ஜன்னல் வரைக்கும் போகிறது. செங்கல் கட்டடம், கடைக்குள் இருட்டு. இருட்டுக்குள் ஒரு கல்லா மட்டும் தெரிகிறது, அந்தக் காலத்துக் காசு வாங்கும் இயந்திரம். அலமாரியில் சாமான் இருப்பதாகத் தெரியவில்லை, ஆள் இல்லை, கல்லா மட்டும் ஜன்னலோரம் நிற்கிறது. நான் பார்த்த வெட்டுப்பட்ட பிரதியில் போனது இதுவும்தான். மேல்மாடி ஜன்னல்களில் திரைகள் பாதி இறங்கியிருக்கின்றன, பின்னால் யாராவது தூங்குகிறார்களா என்று தெரியாது.

இதெல்லாம் இப்படியே ஒரு இடத்தில் இருந்ததா என்ற கேள்வி வரும். 'யதார்த்த ஓவியர்' என்று முத்திரை குத்தினால் உடனே இடம் எங்கே என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். நியூயார்க்கின் கிரீன்விச் அவென்யூவில் இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இருந்த ஒரு ரெஸ்டாரண்டிலிருந்து யோசனை வந்தது என்று ஹாப்பர் சொன்னார். அது அவர் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அந்தப் பகுதியில் 1910-களில் ஏழாவது அவென்யூவைத் தெற்கே நீட்டவும் சுரங்க ரயில் பாதை போடவும் பழைய கட்டடங்களை வெட்டிக்கொண்டு போனதில் முக்கோணத் துண்டு மனைகள் நிறைய மிஞ்சின, ஆகவே கூர்முனைக் கடை என்பது அங்கே சாதாரணம். இதை வைத்துக்கொண்டு எழுபது எண்பது வருஷமாக ஆட்கள் அந்தக் கடையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்ன காலி மனையில்தான் அந்தக் கடை இருந்தது என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள், பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தால் அங்கே இருந்தது பெட்ரோல் பங்க்.

ஹாப்பரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், தேடுகிறவர்கள் அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்: காட்சியை நிறைய எளிமையாக்கினேன், ரெஸ்டாரண்டைப் பெரிதாக்கினேன் என்றார். எளிமையாக்கினேன் என்ற அந்த ஒரு சொல்லில் அவருடைய தொழில் முழுக்க இருக்கிறது. 1940 கணக்கெடுப்பில் நியூயார்க்கின் மக்கள்தொகை 74 லட்சத்துக்கும் மேல். அந்த ஊரின் ஒரு தெருமுனையில் குப்பைத்தொட்டி இல்லை, கடதாசி பறக்கவில்லை, நிறுத்திவைத்த கார் இல்லை, தீயணைப்புக் குழாய் இல்லை, பூனைகூட இல்லை. கவுண்டரில் உப்புக் குப்பி, மிளகுத்தூள் குப்பி, காகிதத் துடைப்பான் பெட்டி, கோப்பைகள். பின்னால் இரண்டு பெரிய காபி பாய்லர், பளபளவென்று. சாப்பாட்டுக் கடைக்கு உரிய எச்சில் தட்டு, சிந்திய காபி, துணி, எதுவும் கிடையாது. ஹாப்பரின் ஆசிரியர் ராபர்ட் ஹென்றி, தெருவுக்குப் போய் நகர வாழ்க்கையை உள்ளபடி வரையுங்கள் என்று மாணவர்களை விரட்டியவர். அவர் வட்டத்து ஓவியர்கள் பலர் சந்தை, குத்துச்சண்டை, துணி காயும் மாடி என்று சத்தமும் கூட்டமுமாக நியூயார்க்கை வரைந்தார்கள். ஹாப்பரும் அதே தெருக்களில்தான் நடந்தார், ஆனால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டார். ஒரு பொருளை எடுத்தால் அந்த இடம் காலியாகிறது. அதையே நாற்பது தடவை செய்தால் ஊரே காலியாகிவிடுகிறது. உண்மையான நியூயார்க் ராத்திரி ஒன்றிலும் இவ்வளவு நிசப்தம் இருந்திருக்காது.

காலத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவை யுத்தத்துக்குள் இழுத்த ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. ஓவியம் முடிந்தது 1942 ஜனவரி 21. சுமார் ஒன்றரை மாதம் வேலை நடந்தது என்று அவர் மனைவி ஜோ எழுதியிருக்கிறார், ஆக ஊரே யுத்த பயத்தில் விளக்கைக் குறைத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் இவர் ஒரு கடையைப் பளிச்சென்று எரியவிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் குடியிருந்தது வாஷிங்டன் ஸ்கொயர் நார்த் 3-ஆம் எண் வீட்டின் உச்சி மாடியில். 74 படி ஏறிப் போக வேண்டும், குளிர்காலத்தில் அடுப்புக் கரியையும் அவரே சுமந்து ஏற வேண்டும். கூரையில் கண்ணாடிச் சாளரங்கள், மழை வந்தால் ஒழுகும். நம்மேல் குண்டு விழக்கூடும், இந்த மனுஷர் அதைப் பற்றிக் கவலையே படமாட்டேன் என்கிறார் என்று ஜோ அந்த டிசம்பரில் நாத்தனாருக்குக் கடிதம் எழுதினார். ராத்திரி ஓட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று துண்டு, சாவி, சோப்பு, செக் புத்தகம் என்று ஒரு பையில் போட்டுக் கட்டியும் வைத்தார். ஹாப்பர் கான்வாஸை விட்டு நகரவில்லை. ஆகவே இது யுத்த கால ஓவியம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஏனென்றால் காலி நகரம், ராத்திரி ஜன்னல், பேசாத ஆட்கள் எல்லாம் யுத்தத்துக்கு இருபது வருஷம் முன்பே அவரிடம் வந்துவிட்டன. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, இருட்டுத் தெருவில் ஒற்றை வெளிச்சம் என்பது இன்றைக்கு நமக்குத் தோன்றுவதைவிட வேறாகத் தோன்றியிருக்கும், அதை மறுக்கமுடியாது.

முன்பே வந்துவிட்டன என்றேனே. 1927-இல் 'ஆட்டோமாட்' என்று ஒரு படம். ஆட்டோமாட் என்பது காசு போட்டால் சாப்பாட்டுப் பெட்டி திறக்கிற ரெஸ்டாரண்ட். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து காபி குடிக்கிறாள், ஒரு கையில் மட்டும் கையுறை. பின்னால் பெரிய கறுப்பு ஜன்னல். அந்த ஜன்னலில் கூரை விளக்குகள் இரண்டு வரிசையாகப் பிரதிபலித்து, இருட்டுக்குள் எங்கேயோ போய் மறைகின்றன. வேறு எதுவும் பிரதிபலிக்கவில்லை, தெருவும் தெரியவில்லை. அந்தப் படத்தில் நாம் கடைக்குள் இருக்கிறோம், அடுத்த மேஜையில். எழுந்து போய் 'இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா' என்று கேட்டுவிடலாம். அதனால் அந்தத் தனிமை அவளுடையது. பதினைந்து வருஷம் கழித்து 'நைட்ஹாக்ஸ்' வரும்போது அவர் செய்த பெரிய மாற்றம் நம்மை எழுப்பி வெளியே கொண்டுபோய் நிறுத்தியதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். எனக்கு 'ஆட்டோமாட்' மனசுக்கு நெருக்கமானது, ஆனால் 'நைட்ஹாக்ஸ்' ஏன் அதிகம் பிரபலம் என்பது புரிகிறது. மற்றவர் தனிமையைப் பார்த்து இரக்கப்படலாம். இதில் இரக்கப்பட ஆள் இல்லை, நாமேதான் இருக்கிறோம்.

வெளியே நின்று பார்ப்பது அவருக்குப் பழக்கமும்கூட. நியூயார்க்கில் அப்போது உயரத் தூண்கள் மேல் ஓடுகிற ரயில் இருந்தது, வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல்களை உரசிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு அந்த ரயிலில் போகும்போது ஒரு நொடி கண்ணில் பட்டு மறைகிற ஆபீஸ் அறைகள்தான் 1940-இல் வரைந்த 'ஆபீஸ் அட் நைட்' ஓவியத்துக்குத் தூண்டுதல் என்று அவரே எழுதியிருக்கிறார். ரயிலில் போகிறவருக்கு அந்த அறையில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியப்போவதில்லை. விளக்கு, ஒரு மேஜை, குனிந்த ஒரு தலை, முடிந்தது. ஹாப்பர் படங்களில் கதை இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருப்பதற்குக் காரணம் இந்தப் பார்வைதான் என்று எனக்குத் தோன்றும். தொப்பிக்காரரும் சிவப்பு ரவிக்கைக்காரியும் தம்பதியா, காதலர்களா, இப்போதுதான் அறிமுகமானவர்களா? முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் யார்? கேள்வி கேட்க வைக்கிற அளவுக்குக் கொடுக்கிறார், பதில் சொல்கிற அளவுக்குக் கொடுப்பதில்லை.

இப்போது அவர் வாய்ச்சொல். இந்தப் படம் தனிமையைப் பற்றியதா என்று கேட்டதற்கு, அப்படியொன்றும் தனிமையாக நான் பார்க்கவில்லை என்றார் முதலில். பிறகு, தன்னை அறியாமலேயே ஒரு பெரிய நகரத்தின் தனிமையை வரைந்திருக்கலாம் என்று கொஞ்சம் இறங்கி வந்தார். வேறொரு சமயம், இந்தத் தனிமை விஷயத்தை ரொம்பத்தான் ஊதிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். ஒரு வீட்டின் பக்கச் சுவரில் விழுகிற வெயிலை வரைவதுதான் நான் செய்ய விரும்பியது என்றும் சொல்லியிருக்கிறார். விமர்சகர்கள் இந்த மாதிரி மறுப்புகளைப் பொதுவாக மதிப்பதில்லை, கலைஞருக்கே தெரியாது என்று தள்ளிவிடுவார்கள். நான் இதைக் கொஞ்சம் மதிக்கலாம் என்பேன். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தனிமை என்று ஒரு சொல், ஏகாந்தம் என்று ஒரு சொல். முதலாவது வந்து சேர்வது, இரண்டாவது தேடிப் போவது. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரைப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம், வீட்டில் கூச்சல் தாங்காமல் அரை மணி நேரம் நிம்மதியாக இருக்க வந்திருக்கலாம். முதுகைப் பார்த்து இரண்டில் எது என்று யாரால் சொல்ல முடியும்? சர்வர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், குனிந்து கவுண்டருக்கு அடியில் எதையோ எடுத்தபடி தலையை நிமிர்த்துகிறார். ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் ஒருவருக்கு முக்கியமாக இருப்பது தூக்கம்தான், தத்துவம் இல்லை. உள்ளே இருப்பவர்களில் யாருக்குத் தனிமை, யாருக்கு ஏகாந்தம், யாருக்கு வெறும் களைப்பு என்பதை ஹாப்பர் பூட்டிவைத்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் நிலைமையில் மட்டும் சந்தேகமில்லை.

ஓவியத்தை அந்த ஆண்டு மே மாதமே சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 3,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு போஸ்டர், காலண்டர், கேலிச்சித்திரம் என்று அது பட்ட பாடு தனிக் கதை. 1984-இல் ஓவியர் காட்ஃப்ரிட் ஹெல்ன்வைன் அந்த நாலு பேரின் இடத்தில் மர்லின் மன்றோ, ஜேம்ஸ் டீன், ஹம்ஃப்ரி போகார்ட், எல்விஸ் பிரெஸ்லி என்று நட்சத்திரங்களை உட்காரவைத்து ஒரு படம் போட்டார், அதுவும் லட்சக்கணக்கான அறைச் சுவர்களில் தொங்கியது. எனக்கு அது பிடிப்பதில்லை. தெரிந்த முகங்களைப் போட்டதும் கண்ணாடி உடைந்துவிடுகிறது, நாம் உள்ளே போய்விடுகிறோம்.

அசல் படத்தில் இருக்கும் முகங்களும் யாரோ ஒருவருடையவைதான், அதைச் சொல்லாமல் விடமுடியாது. ஒவ்வொரு ஓவியமும் முடிந்ததும் ஹாப்பர் ஒரு கணக்கு நோட்டில் அதைச் சின்னதாக வரைந்துவைப்பார், பக்கத்தில் ஜோ விவரம் எழுதுவார். இந்தப் படத்துக்கு ஜோ எழுதிய குறிப்பு கிட்டத்தட்ட மளிகைச் சிட்டை மாதிரி இருக்கும்: மலிவான ரெஸ்டாரண்டின் பளிச்சென்ற உட்புறம், செர்ரி மரக் கவுண்டர், பச்சை ஓடுகளின் பட்டை, வெள்ளைக் கோட்டில் ரொம்ப அழகான பொன்முடிப் பையன் (படத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை, போகட்டும்), சிவப்பு ரவிக்கையில் சாண்ட்விச் சாப்பிடும் பெண், கழுகு மூக்குக்காரர், நீலச் சட்டை, அடைப்புக்குறிக்குள் 'சுத்தமானது'. தனிமை என்ற சொல் அந்தக் குறிப்பில் கிடையாது. சட்டை துவைத்ததா என்று பார்க்கிற கண் அது.

ஜோவும் ஓவியர். ஹென்றியிடம் படித்தவர்தான். 1923-இல் புரூக்ளின் மியூசியம் கண்காட்சிக்கு அவரை அழைத்தபோது ஹாப்பரையும் பாருங்கள் என்று சிபாரிசு செய்தார், மியூசியம் ஹாப்பரின் ஒரு நீர்வண்ணப் படத்தை 100 டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்னால் ஹாப்பர் ஒரு ஓவியம் விற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம், ஹாப்பருக்கு 41 முடிந்து 42 நடக்கப் போகிறது, ஜோவுக்கு 41. அதற்குப் பிறகு ஹாப்பர் ஏறினார், ஜோ இறங்கினார். வேறு பெண் மாடல் வேண்டாம், நானே நிற்கிறேன் என்று ஜோ சொல்லிவிட்டதால் நாற்பது வருஷம் ஹாப்பர் படங்களில் வருகிற பெண்கள் பெரும்பாலும் ஜோதான். ஆட்டோமாட்டில் ஒற்றைக் கையுறையோடு இருப்பதும் அவர்தான். நிறைய சண்டை, நிறைய மௌனம். எடியோடு (ஹாப்பரை ஜோ அப்படித்தான் கூப்பிடுவார்) பேசுவது சில சமயம் கிணற்றில் கல் போடுவது மாதிரி, என்ன, அடியில் போய் விழுகிற சத்தம்கூடக் கேட்காது என்று ஜோ ஒரு தடவை சொன்னார். கிணற்றில் போட்ட கல் என்று நாமும்தான் சொல்கிறோம், அதிலாவது விழுந்த சத்தம் கேட்கும்.

'நைட்ஹாக்ஸ்' வரையும்போது முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று இரண்டு ஆண்களுக்கும் ஹாப்பரே மாடலாக இருந்தார். தன் முதுகைக் கண்ணாடியில் எப்படிப் பார்த்து வரைந்தார் என்று நான் சில நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஜோ நின்றார், அப்போது அவருக்கு 58 வயது. ஆக, அந்தக் கடையில் இருக்கும் நாலு பேரில் மூன்று பேர் ஒரே வீட்டுக்காரர்கள், அதாவது இரண்டே பேர். கவுண்டர் மேல் தொப்பிக்காரரின் கையும் பெண்ணின் கையும் ஏறக்குறையத் தொட்டுக்கொள்கிற தூரத்தில் இருக்கின்றன. தொடுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தொடவில்லை. படம் முடிந்த மறுநாள், ஜனவரி 22, ஜோ மறுபடியும் நாத்தனாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்: எட் இப்போதுதான் ரொம்ப நல்ல படம் ஒன்றை முடித்திருக்கிறார், ராத்திரி நேரத்துச் சாப்பாட்டுக் கவுண்டர், அதற்கு 'நைட் ஹாக்ஸ்' என்று பெயர் வைத்தால் நன்றாக இருக்கும்.

படத்தில் மூன்று உருவங்கள் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சர்வரைக் கணக்கில் சேர்க்கவில்லை போல.